கோப்பு போனது, சேர்ந்ததா?

2020 அக்டோபர் முதல் வாரத்தில் பிரிட்டனின் அன்றாட கொரோனா எண்ணிக்கை திடீரென எகிறியது. அக்டோபர் 3-ஆம் தேதி 12,872, மறுநாள் 22,961. தொற்று அந்த வேகத்தில் பரவியதால் வந்த எண்கள் அல்ல இவை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை கணக்கில் வந்திருக்க வேண்டிய 15,841 பேரின் பதிவுகள் எங்கோ விடுபட்டு, பிறகு மொத்தமாகச் சேர்க்கப்பட்டன. ஆய்வகங்கள் பரிசோதனை முடிவுகளை சிஎஸ்வி என்ற எளிய உரைக் கோப்புகளாக அனுப்பின. அவற்றை வாங்கிய ‘பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து’ என்ற அரசு அமைப்பு, அவற்றைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவ எக்செல் ஏடுகளில் ஏற்றியது. அந்த வடிவத்தில் ஓர் ஏட்டுக்கு 65,536 வரிசைகள்தான். ஒருவரின் பதிவுக்கே பல வரிசைகள் தேவைப்பட்டதால், ஏறத்தாழ 1,400 பேரோடு ஏடு நிரம்பிவிட்டது. மிஞ்சியவர்கள் கணக்கிலேயே வரவில்லை. தொற்று உறுதி என்ற தகவல் அவர்களுக்குப் போனது; ஆனால் அவர்கள் யார் யாரைச் சந்தித்தார்கள் என்று கண்டறிந்து எச்சரிக்கும் குழுவுக்கு அவர்களின் பெயர்கள் உரிய நேரத்தில் போகவில்லை. இந்தத் தாமதத்தால் 1,500-க்கும் மேற்பட்ட கூடுதல் மரணங்கள் நேர்ந்திருக்கலாம் என்று தீமோ ஃபெட்சர், தாமஸ் கிரேபர் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இது மதிப்பீடுதான். அதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் அற்பமான எண் ஆகிவிடாது.

அப்போது ஊரே எக்செலைக் கேலி செய்தது. 2007-லேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகளைத் தாங்கும் புதிய வடிவம் வந்துவிட்டதே, இன்னும் பழையதையா பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் பத்து லட்சமும் ஒரு நாள் நிரம்பும். உடனடித் தீர்வாக, கோப்புகளைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து ஏற்றத் தொடங்கினார்கள். அப்படிப் பிரித்தவற்றில் ஒன்று காணாமல் போனால் என்ன செய்வது? என்னை உறுத்துவது வேறொன்று. எட்டு நாட்கள் இது எப்படி யாருக்கும் தெரியாமல் இருந்தது? அனுப்பியவர் பக்கம் ஓர் எண் இருந்தது, ஏற்றியவர் பக்கம் ஓர் எண் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே வெளிச்சத்துக்கு வந்திருக்கும். கணினிகளுக்கிடையே கோப்பு போய்ச் சேராதபோது வயரையும் சர்வரையும் பாஸ்வேர்டையும் சோதிக்கிறோம். சத்தம் போட்டு நிற்கும் கோளாறுகளுக்கு அது சரி. ‘வெற்றி’ என்று சொல்லிக்கொண்டே நடக்கும் கோளாறுக்கு, பெறுநரிடம் எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை. அந்த எண்ணிக்கையை அனுப்புநருக்குத் திருப்பிச் சொல்வதைப் பொது வேலைகளில் சட்டமாகவே ஆக்க வேண்டும்.

இணையத்தின் அடிப்படை நெறியான டிசிபியே ஒவ்வொரு துண்டையும் சரிபார்க்கிறதே, அதற்கு மேல் எதற்கு என்று பொறியாளர்கள் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கான பதில் 40 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் பல உள் நெட்வொர்க்குகளை இடைநிலைக் கணினிகள் இணைத்திருந்தன. ஓர் இடைநிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில் ஒவ்வொரு துண்டும் சரிபார்க்கப்பட்டது. ஆனால் அவற்றில் ஒரு கணினி, வந்த தரவைத் தன் நினைவகத்துக்குள் நகலெடுக்கும்போது, சுமார் பத்து லட்சம் பைட்டுக்கு ஒருமுறை இரண்டு பைட்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தது. வயரில் பிழை இல்லை, ஆகவே எந்தச் சோதனையிலும் அது சிக்கவில்லை. ஓர் இயங்குதளத்தின் மூல நிரல்கள் அந்த வழியாகப் பலமுறை போய் வந்து சிதைந்தன. கடைசியில் பழைய அச்சுப் பிரதிகளை வைத்துக்கொண்டு வரிவரியாகக் கண்ணால் ஒப்பிட்டுத்தான் திருத்த வேண்டியிருந்தது. ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் மூவரும் 1984-ல் வெளியான தங்கள் புகழ்பெற்ற கட்டுரையில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். நடுவழியில் எத்தனை காவல் போட்டாலும், கோப்பு முழுமையாகச் சேர்ந்ததா என்பதை இரு முனைகளில் இருப்பவர்கள்தான் உறுதி செய்ய முடியும் என்பது அவர்கள் வாதம். டிசிபியின் சரிபார்ப்பு எண் வெறும் 16 பிட் கொண்டது என்பதும் நினைவில் இருக்கட்டும். அது வேகத்துக்காகச் செய்த சிக்கனம், உத்தரவாதமாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

கோப்புப் பரிமாற்றத்துக்கென்றே பிறந்த எஃப்டிபியைப் பாருங்கள். 1971-ல் அதன் முதல் வரைவை எழுதியவர் ஐஐடி கான்பூரில் படித்துவிட்டு எம்ஐடி சென்ற அபய் பூஷண். கட்டளைக்கு ஓர் இணைப்பு, தரவுக்கு வேறோர் இணைப்பு என்பது அதன் அமைப்பு. இரண்டாவது இணைப்பைத் தீச்சுவர் மறித்துவிடுவதால்தான், உள்ளே நுழைய முடிகிறது ஆனால் கோப்பு நகர மறுக்கிறது என்ற பழைய புலம்பல். இது பாதகமில்லாத கோளாறு, ஏனெனில் கண்ணுக்குத் தெரிகிறது. வேலை முடிந்ததும் சர்வர் 226 என்ற குறியீட்டை அனுப்பும். அதன் பொருள், தரவு இணைப்பை மூடுகிறேன், கேட்ட செயல் முடிந்தது என்பதுதான். வந்த கோப்பும் போன கோப்பும் ஒன்றா என்று அது சொல்வதில்லை. படக் கோப்பை உரை முறையில் அனுப்பினால் வரி முடிவுக் குறிகளை மாற்றி எழுதிப் படத்தையே பாழாக்கிவிட்டு, அதே 226-ஐச் சொல்லும். பழைய பதிவுத் தபாலில் திரும்பி வந்த ஒப்புகை அட்டையும் இப்படித்தான்: உறை கைக்கு வந்தது என்பதற்கு அது சான்று, உள்ளே எத்தனை தாள் இருந்தது என்பதற்குச் சான்றில்லை. அதனால்தான் விவரமான வழக்கறிஞர்கள் கடிதத்தின் கீழேயே ‘இணைப்பு: 12 தாள்கள்’ என்று எழுதுகிறார்கள்.

தமிழில் தரவைக் கையாள்பவர்களுக்கு இந்த அமைதியான இழப்பு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், அதிலும் உயிர்மெய்யின் துணைக்குறிக்கும் புள்ளிக்கும் தனியாக மூன்று. கிருஷ்ணமூர்த்தி என்ற பெயர் ஆங்கிலத்தில் 13 பைட்டில் அடங்கும், தமிழில் 45 ஆகும். ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்துப் பெயருக்கு 30 பைட் ஒதுக்கிய ஓர் அமைப்புக்கு இந்தப் பதிவு போனால், அது ‘கிருஷ்ணமூர’ என்று நறுக்கி வைத்துக்கொள்ளக்கூடும். கோப்பு சேர்ந்துவிட்டது, வரிசைகளின் எண்ணிக்கையும் சரி, பெயர் மட்டும் பாதி. எனவே எண்ணிக்கையோடு உள்ளடக்கத்தின் சாரமான ஹேஷ் மதிப்பையும் ஒப்பிட வேண்டும். கோப்பு சேர்ந்தபோது ஒருமுறை பார்த்தால் போதாது. தரவுத்தளத்தில் ஏறிய பிறகு, அங்கிருந்து எடுத்து மறுபடியும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் கோப்புகள் வந்து சேர்வதில் குறையில்லை, ஏற்றும்போதுதான் தவறின.

செலவாகுமே என்பார்கள். ஒரு பெரிய கோப்பின் ஹேஷ் மதிப்பைக் கணக்கிடச் சாதாரணக் கணினிக்குச் சில நொடிகள் போதும். வரிசைகளை எண்ண அதுகூட வேண்டாம். தவிர, இது புதுமையும் அல்ல. அமெரிக்க வங்கிகளுக்கிடையே பணப் பட்டுவாடா செய்யும் ஏசிஹெச் கோப்புகளின் கடைசிப் பதிவில் மொத்த உருப்படிகள், வரவு, பற்று ஆகியவற்றின் கூட்டுத்தொகை எழுதப்பட்டிருக்கும். வங்கி அடையாள எண்களையும் கூட்டிச் சேர்த்திருப்பார்கள். அந்தக் கூட்டலுக்குப் பொருளாதார அர்த்தம் எதுவும் கிடையாது, ஓர் இலக்கம் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் என்பதற்காக மட்டுமே அது. பணம் போகும் கோப்புகளுக்கு இந்த ஒழுக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. நோயாளிகளின் பட்டியலுக்கு இல்லாமல் போனதற்குத் தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. சோதனைகளைக் கூட்டினால் எச்சரிக்கைகளும் கூடும், நாளடைவில் யாரும் அவற்றைப் பார்க்க மாட்டார்கள், சோதனையே பழுதானால் அது தெரியவும் தெரியாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். நகலைத் தேடினால், வெளிச் சேமிப்பகத்துக்கு நாள்தோறும் போய்க்கொண்டிருக்க வேண்டிய கோப்புகளைக் காணோம். நகலெடுக்கும் மென்பொருளின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு ஒத்துப்போகாததால் அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களோ, டிமார்க் என்ற அஞ்சல் பாதுகாப்பு விதிப்படி நிராகரிக்கப்பட்டு யார் கண்ணிலும் படவில்லை. வேறோர் ஆறு மணி நேரப் பழைய நகல் தற்செயலாக இருந்ததால் பிழைத்தார்கள். சோதனை வேண்டாம் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். எனக்கு இது நேர் எதிராகப் படுகிறது. தவறினால் கூப்பிடு என்று அனுப்புநரிடம் சொல்லி வைத்ததுதான் அங்கே பிழை. பெறும் பக்கம், இந்த நேரத்துக்குள் இத்தனை வர வேண்டும் என்று காத்திருந்து, வராவிட்டால் தானே குரல் கொடுக்க வேண்டும். அந்த ஏற்பாட்டில் மௌனமே எச்சரிக்கை ஆகிவிடும். தினமும் வந்து குவியும் ‘எல்லாம் நலம்’ மின்னஞ்சல்களும் தேவைப்படாது.

பெருந்தொற்றின் அவசரத்தில் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று பரிவோடு கேட்பவர்களும் உண்டு. அவசரத்தில் ஒட்டுப்போட்டுக் கட்டிய அமைப்புக்குத்தான் இந்தக் காவல் அதிகம் தேவை, நிதானமாகக் கட்டியது ஓரளவாவது சொன்னபடி கேட்கும். தவிர, அவசரகாலத்தில் புதிதாக யோசிக்கும்படி யாரும் கேட்கவில்லை. துறைகளுக்கிடையே தரவு கைமாறும் எந்தத் திட்டத்தின் ஒப்பந்தப்புள்ளியிலும் முன்கூட்டியே சில வரிகள் எழுதி வைக்கலாம்: ஏற்றி முடித்த பிறகு பெறுநர் எண்ணிக்கையையும் ஹேஷ் மதிப்பையும் அனுப்புநருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், அது வந்து பொருந்தும்வரை அனுப்புநர் மூலக் கோப்பை அழிக்கக் கூடாது, குறித்த நேரத்துக்குள் பொருந்தாவிட்டால் இரு பக்கமும் யார் யாரை அழைப்பது என்பது பதவிப் பெயரோடு இருக்க வேண்டும். கடைசி விதிக்குத்தான் அலுவலகங்களில் எதிர்ப்பு அதிகம் வரும். மற்ற இரண்டையும் கணினி பார்த்துக்கொள்ளும், இதில் ஒரு மனிதர் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.