சக்கரம் சுத்தறதுக்கு முன்னாடியா, சுத்தின பின்னாடியா?

ஐப்பசி மழை பிடிச்சுதுன்னா எங்க டிராக்டருக்கு உழவு வேலை நின்னுடும், இழுவை வேலை வந்துடும். சூலூரைச் சுத்தி தோட்டம் வாங்கிப் போட்ட கோயமுத்தூர்க்காரங்க சனி ஞாயிறுல புது ஃபோர்வீல் வண்டியில வருவாங்க. இட்டேரிக்குள்ள இறங்கி நூறடி போனதும் வண்டி நின்னுடும். அப்புறம் போன் வரும். "ஏனுங்ணா, டிராக்டர் கொஞ்சம் கொண்டுட்டு வர முடியுங்ளா?"

போன மழையில அப்படித்தான் ஒரு தம்பி கூப்பிட்டார். வண்டி பேரு வேண்டாம். ஃபோர்வீல் பட்டன் போட்டிருக்கு, டேஷ்போர்டுல மஞ்சள் விளக்கு மினுக்கு மினுக்குன்னு எரியுது. ஆனா முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ரெண்டே சக்கரம்தான் சுத்துது. அந்த ரெண்டும் முழங்கால் ஆழத்துக்குக் குழி பறிச்சுடுச்சு. மத்த ரெண்டும் அசையவே இல்லை.

"நாலு சக்கரமும் இழுக்கும்னு சொல்லித்தானுங்ணா குடுத்தாங்க?"

"பொய் சொல்லலை தம்பி, முழுசாச் சொல்லலை"ன்னேன்.

வண்டியை இழுத்து ரோட்டுல விட்டாச்சு. அவர் ஊருக்குப் போயிட்டார். குழி எங்க தடத்துலயே இருந்துச்சு. மறுநாள் விடியக்காலம் பால் வண்டி உள்ளே வர முடியலை. அஞ்சு வீட்டுக்காரங்க பால் கேனைத் தலையில வெச்சு தார்ரோடு வரைக்கும் சுமந்தாங்க. அந்தக் குழிக்காகத்தான் இதை எழுதறேன்.

வண்டிக்கு டிஃபரன்ஷியல் எதுக்குன்னா, திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்பக்கச் சக்கரம் குறைவா ஓடணும். ரெண்டையும் ஒரே அச்சுல இறுக்கிட்டா வண்டி திரும்பாது, டயர்தான் தேயும். அதனால ரெண்டும் தனித்தனி வேகத்துல சுத்தற மாதிரி நடுவுல பல்சக்கரம் வெச்சாங்க. தார்ரோட்டுக்கு அது அருமையான ஏற்பாடு. சேத்துலதான் வினை. சாதாரண டிஃபரன்ஷியல் ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் குடுக்கும். வழுக்கற சக்கரம் எவ்வளவு தாங்குதோ, நல்ல தரையில நிக்கிற சக்கரத்துக்கும் அவ்வளவுதான்.

ஏர் ஓட்டினவங்களுக்கு இது சட்டுனு புரியும். நுகத்தடியை நடுவுல ஏர்க்காலோட கட்டியிருக்கும், ரெண்டு முனையிலயும் ரெண்டு மாடு. ஒரு மாடு கால் வழுக்கி இழுக்காம விட்டா நுகம் அந்தப் பக்கம் பின்னால திரும்பிடும். நல்ல மாட்டோட பலமெல்லாம் நுகத்தைத் திருப்பறதுலயே போயிடும், ஏர் நகராது.

ஃபோர்வீல் போட்டா என்ன ஆகுதுன்னா, முன் அச்சும் பின் அச்சும் ஒண்ணாச் சேரும். அவ்வளவுதான். ஒவ்வொரு அச்சுலயும் இடதுக்கும் வலதுக்கும் நடுவுல இந்த நுகத்தடிப் பிரச்சினை அப்படியே இருக்கும். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு வழுக்கினா மீதி ரெண்டும் வேடிக்கை பார்க்கும். அந்தத் தம்பி வண்டியில நடந்தது அதுதான்.

இதுக்கு மூணு வைத்தியம் இருக்கு.

முதல் வைத்தியம் டிஃப் லாக். எங்க டிராக்டர்ல கால் பக்கம் ஒரு சின்ன பெடல் இருக்கும். மிதிச்சா ரெண்டு பின்சக்கரமும் ஒரே அச்சாப் பூட்டிக்கும். நேரா போறப்ப மிதிக்கணும், திரும்பறதுக்கு முன்னாடி விட்டுடணும். விடாம திருப்பினா டிராக்டர் சொன்ன பேச்சு கேக்காது, உள்ளே பல் உடையறதும் உண்டு.

ரெண்டாவது எல்எஸ்டி, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். பேருலயே இருக்கு, வழுக்கலுக்கு ஒரு வரம்பு. ஒரு வகையில உள்ளே கிளட்ச் மாதிரி தகடுகள் இறுகி நிக்கும். ஒரு சக்கரம் ஓட ஆரம்பிக்கும்போதே தகடு உரசி, கொஞ்சம் விசையை அடுத்த சக்கரத்துக்குத் தள்ளிவிடும். பட்டன் தேவையில்லை, சென்சார் தேவையில்லை. ஆனா தகடு தேயும். அதுக்குன்னு சொன்ன எண்ணெயைத்தான் ஊத்தணும். கிடைச்சதை ஊத்திட்டு ரெண்டு மூணு வருஷம் மறந்துட்டா, பேருக்குத்தான் எல்எஸ்டி. ஒரு சக்கரம் முழுசா காத்துல தொங்கினாலும் அதால ரொம்பப் பண்ண முடியாது.

மூணாவது டிராக்ஷன் கன்ட்ரோல். ஏபிஎஸ்ஸுக்காக ஒவ்வொரு சக்கரத்துலயும் வேகம் பார்க்கிற சென்சார் இருக்கு. எந்தச் சக்கரம் தனியா வேகமாச் சுத்துதோ, அதுக்கு மட்டும் கம்ப்யூட்டர் பிரேக் பிடிக்கும். பிரேக்கை எதிர்த்துத் தள்ள விசை வேணும், அதே அளவு விசை நல்ல சக்கரத்துக்கும் போகும். நுகத்தோட வழுக்கற முனையை ஒரு ஆள் பிடிச்சு நிறுத்தற மாதிரி. 2019 ஏப்ரல்ல இருந்து நம்ம நாட்டுல புதுக் கார் எல்லாத்துக்கும் ஏபிஎஸ் கட்டாயம். சென்சாரும் பிரேக்கும் ஏற்கெனவே இருக்கு, மேல கொஞ்சம் சேர்த்தாப் போதும். கம்பெனிகளுக்கு இது ஏன் பிடிக்குதுன்னு புரியுதுங்களா?

இது மட்டமான சங்கதின்னு நான் சொல்லலை. மழையில அவிநாசி ரோட்டுல போறப்ப வண்டியும் குடும்பமும் பத்திரமா இருக்க டிஃப் லாக் உதவாது, இந்தக் கம்ப்யூட்டர்தான் உதவும். பாறை மேட்டுல மெதுவா ஏறும்போதும் நல்லாவே வேலை செய்யும். 2023ல வந்த மாருதி ஜிம்னியில இதுக்கு 'பிரேக் எல்எஸ்டி'ன்னு பேரு வெச்சிருக்காங்க. உள்ளே எல்எஸ்டி தகடு கிடையாது, பிரேக்தான். வண்டி சுமார் 1,200 கிலோதான், அந்த லேசான எடையால பல இடத்துல தப்பிச்சுப் போயிடுது. ஆனா பேரைப் பார்த்து ஏமாறக்கூடாது.

என் கட்சி இதுதான். டிராக்ஷன் கன்ட்ரோல் வேலையை ஆரம்பிக்க முதல்ல சக்கரம் சுத்தணும். சுத்தினாத்தான் சென்சாருக்கே தெரியும். தாருலயும் பாறையிலயும் அரைச் சுத்து சுத்தினா ஒண்ணும் ஆகாது. கரிசல்ல அந்த அரைச் சுத்துலயே டயர் பட்டை எல்லாம் மண்ணு அப்பி, வழவழன்னு உருளை ஆயிடும். பிரேக் பிடிச்சு, விட்டு, மறுபடி பிடிக்கறதுக்குள்ள குழி விழுந்துடும். சில வண்டியில இன்ஜின் பவரையும் சேர்த்துக் குறைச்சுடும், இருந்த வேகமும் போச்சு. ரொம்ப நேரம் போராடினா பிரேக் சூடாகும்.

எல்எஸ்டி சுத்த ஆரம்பிக்கும்போதே பிடிக்கும். கையால போடற லாக்கை சேத்துல இறங்கறதுக்கு முன்னாடியே போட்டுக்கலாம். ஓட்டறவருக்கு இது சின்ன வித்தியாசம். தடத்துக்கு அதுதான் எல்லாமே.

சந்தையில எல்லாமே கிடைக்குது. ஃபோர்ஸ் கூர்க்காவுல முன்னும் பின்னும் ஓட்டறவரே போடற டிஃப் லாக் இருக்கு. 2020ல வந்த தார்ல சில மாடல்ல பின் அச்சுக்கு மெக்கானிக்கல் லாக். ரெண்டு சக்கரத்துக்கும் நிமிஷத்துக்குச் சுமார் 100 சுத்து வித்தியாசம் வந்தா தானாப் பூட்டிக்கும். அதுவும் வழுக்கின பின்னாடிதான், ஆனா பூட்டினா முழுசாப் பூட்டும். பொலேரோ நியோவுல பின்சக்கர இழுவை மட்டும்தான், இருந்தும் மேல் மாடல்ல இந்த லாக்கைக் குடுத்தாங்க. நம்ம தோட்டத்துத் தடத்துக்கு, லாக் இல்லாத சில ஃபோர்வீலை விட அந்த ரெண்டு சக்கரமே போதும்னு நினைக்கிறேன். எல்எஸ்டிதான் குறைஞ்சுட்டு வருது. டாடா சஃபாரி ஸ்டார்ம் ஃபோர்வீல்ல இருந்துச்சு, அந்த வண்டியே இப்ப வர்றதில்லை.

அதனால ஷோரூமுல "ஃபோர்வீல் இருக்கா?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு வழுக்கினா மீதி ரெண்டுக்கும் என்ன போகும்? லாக் இருக்கா, பிரேக்கா? லாக்கை நானே போடலாமா?"ன்னு கேளுங்க. விக்கிறவர் முழிச்சார்னா டெஸ்ட் டிரைவை தார்ரோட்டுல முடிக்காதீங்க. வருஷத்துக்கு ரெண்டு தரம்தான் தோட்டத்துக்கு வருவீங்கன்னா டிராக்ஷன் கன்ட்ரோலே தாராளம். லாக்குக்குப் போடற காசுல நல்ல டயர் மாட்டுங்க.

எந்த வண்டியா இருந்தாலும் ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். மழை விட்டு ரெண்டு நாளாவது வெயில் படாத தடத்துல இறங்காதீங்க. இறங்கித்தான் ஆகணும்னா முதல்ல நடந்து பாருங்க. செருப்புல மண்ணு அப்பிட்டு வந்தா வண்டியை ரோட்டுலயே விட்டுட்டு நடந்து வாங்க. சக்கரம் நின்ன இடத்துல சுத்துச்சுன்னா ஆக்சிலரேட்டரை இன்னும் மிதிக்காதீங்க, கால எடுத்துட்டு எனக்கு போன் போடுங்க. குழி விழறதுக்கு முன்னாடி கூப்பிட்டா இழுக்கறதும் சுலபம், பால் வண்டியும் காலையில வரும்.