மூன்று நிமிடத் தட்டும் முழுக் கச்சேரியும்

காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் குரல் இசைத்தட்டில் இல்லை. வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பெருங்குழு சூழ அவர் நடத்திய ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிகள் கேட்டவர்களின் நினைவோடு போயின. மாணவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையோ, ‘மதுரா நகரிலோ’ ஜாவளியின் இசைத்தட்டால் ஊரெங்கும் அறியப்பட்டார். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே. அதில் ஜாவளி அடங்கும். குருவழி வந்த லயக் கணக்கும் பல்லவியும் அடங்கா. 1954இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவரை, திருப்பதி இசைக்கல்லூரியில் பணியாற்றியவரை அத்தட்டைக் கொண்டே அளப்பது, ஒற்றைக் கல்வெட்டிலிருந்து ஒரு காலத்தின் பேச்சுமொழிக்கு இலக்கணம் வகுப்பதாகும். தட்டு சேகரிப்போர் அவருடைய மாணவர் மதுரை சோமுவின் நீண்ட கச்சேரிப் பதிவுகளையும் உடன்வைத்துக் கேட்க வேண்டும். பக்கவாத்தியங்கள் நிறைந்த மேடையையே சோமுவும் விரும்பினார்.