மெஷின் யாருடையது?

தானாக முடிவெடுத்து இயங்கும் இயந்திரம் ஒருவரைக் கொன்றுவிட்டால் குற்றவாளி யார்? படித்தவர்கள் இதைப் புதிய புதிர் என்கிறார்கள். திருப்பூரில் இருக்கிற நமக்கு இது பழைய தந்திரம். ‘எனக்குத் தெரியாது, கான்ட்ராக்டர் பார்த்துக்கிட்டார்’ என்று இதுவரை சொன்னார்கள். இனி ‘எனக்குத் தெரியாது, மெஷினே செஞ்சுடுச்சு’ என்பார்கள்.

2015 ஆகஸ்டில் ஹரியானாவின் மானேசரில், உலோகத் தகட்டைச் சரிசெய்யப் போன இளம் தொழிலாளியை வெல்டிங் ரோபோ குத்திக் கொன்றது. 2018இல் அமெரிக்காவின் அரிசோனாவில், ஊபரின் தானியங்கிக் கார் சாலையைக் கடந்த ஒரு பெண்ணை அடித்துக் கொன்றது. கம்பெனி மேல் குற்ற வழக்குக்கு ஆதாரமில்லை என்று 2019இல் அரசு வழக்கறிஞர் கைவிரித்தார். 2023இல் தண்டனை பெற்றது, காருக்குள் கண்காணிக்க உட்கார்த்தி வைத்திருந்த ஊழியர். அவர் கவனம் போனில் இருந்தது தப்புதான். ஆனால் அந்தக் காரோடு வந்த அவசர பிரேக்கைச் செயல்படாமல் வைத்திருந்தது கம்பெனி அல்லவா?

இந்தச் சந்து நம்ம சட்டத்திலும் இருந்தது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 101ஆம் பிரிவு, ‘உண்மையான குற்றவாளி இவன்தான்’ என்று முதலாளி இன்னொருவரைக் காட்டி, தான் கவனமாக இருந்ததாக நிரூபித்தால் தப்பிக்க வழிவிட்டது. அந்த இன்னொருவர் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்று சொல்லவும் வேண்டுமா? 2025 மே மாதம் கரைப்புதூரில் சாய ஆலைக் கழிவுத்தொட்டியில் இறங்கிய தலித் தொழிலாளர் மூன்று பேர் மூச்சுமுட்டிச் செத்தார்கள். துணி வெட்டவும் சாயம் கலக்கவும் தானியங்கி வந்த ஊரில், தொட்டிக்குள் இறங்க மட்டும் நம்ம ஆள். நாளை ரோபோ பக்கத்தில் நிற்கப்போவதும், பழி சுமக்கப்போவதும் இதே ஆள்தான்.

2017 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம், ரோபோவுக்கு ‘மின்னணு ஆள்’ என்ற தகுதி தரலாமா என்று பரிசீலிக்கச் சொன்னது. நம்மை ஆளாக மதிக்க இத்தனை தலைமுறையாகத் தயங்கும் உலகம் இரும்பை ஆளாக்க அவசரப்படுகிறது. ஏன்? இரும்பைச் சிறையில் போட முடியாது. பழி அதன் மேல் விழுந்தால் முதலாளி வீட்டுக்குப் போகலாம்.

நான் வங்கி எழுத்தர். இயந்திரக் கடன் தாள்களை நாள்தோறும் பார்ப்பவன். அதில் மெஷின் யாருடையது என்ற சந்தேகமே வராது. அடமானம் ஒருவர் பேரில், காப்பீடும் அவர் பேரில். 1999இல் வந்த தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் வட்டியில் 5 சதவீதத்தை அரசே தாங்கியபோது, சலுகையை வாங்கிக்கொண்டதும் அவர்தான். லாபத்தில் மெஷினுக்கு ஓனர் உண்டு. சாவில் மட்டும் கிடையாதா?

அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை. சட்டம் இருக்கிறது தோழர்களே, யார் மேல் பாய்ச்சுவது என்பதுதான் சண்டை. வேகத்தைக் கூட்டச் சொன்னது யார், சென்சாரை அணைக்கச் சொன்னது யார் என்று விசாரணை மேலிருந்து தொடங்கட்டும். கடன் தாளில் கையெழுத்துப் போட்டவர் பெயர் முதல் தகவல் அறிக்கையிலும் முதலில் வரவேண்டும்.