பேசுவோரும் பேசாதோரும்

கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில், நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்போர் உளர். இறாலின் அசைவு விரல்வழியே அறியப்படுதலின், அத்தொழிலில் பேச்சுக்கு இடம் குறைவு. அதே இறால் கரையேறி ஏலத்துக்கு வந்தவுடன், உரத்த குரலும் சொல் விரைவும் உடையவரே காரியத்தை முடிக்கின்றனர். ஒரு குடும்பத்தின் உலை கொதிக்க இவ்விரு திறமும் வேண்டும். ஆயினும் ஊரார் பெயர் சொல்லிப் போற்றுவது பெரும்பாலும் குரலுடையவரையே.

சுவிட்சர்லாந்து நாட்டு உளநூலறிஞர் கார்ல் யுங், 1921-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் மக்களை அகமுகர், புறமுகர் எனப் பகுத்துக் காட்டினார். இவருள் எவர் சிறந்தவர் என்னும் வினாவுக்கு நாடுகள் வெவ்வேறு விடை கூறுகின்றன. அமெரிக்காவில், பிறரைத் தம்பால் ஈர்க்கும் வழிகளைக் குறித்து டேல் கார்னெகி 1936-இல் எழுதிய நூல் பல இலட்சம் படிகள் விற்றது. முன்பின் அறியாதாரிடமும் முகமலர்ந்து பேசுதல் அங்கே முன்னேற்றத்தின் படியாயிற்று. சப்பானியரோ, சொல்லாமலே பிறர் குறிப்பறிதலை நற்பண்பாகக் கொள்வர்.

தமிழர் நிலை சற்று வேறு. திருவள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். சொல்வன்மைக்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். ஒன்றை உயர்த்த மற்றொன்றைத் தாழ்த்தினாரல்லர். இருபதாம் நூற்றாண்டில் மேடைத்தமிழ் ஓங்கிற்று. வாயற்றிருந்த எளிய மக்களுக்கு அம்மேடை உரிமையுணர்வு ஊட்டியது. அதனைப் பழித்தல் நன்றி மறத்தலாகும். ஆனால் அதன் நிழலிலேயே, பேச்சுப்போட்டியில் பரிசு பெறுவோனை அறிவாளி எனவும், பின்வரிசையில் அமைந்திருப்போனை மந்தன் எனவும் கொள்ளும் வழக்கமும் பள்ளிகளில் வேரூன்றிவிட்டது. இதனினும் பிழையான அளவுகோல் பிறிதொன்றில்லை.

எண்ணூருக்குத் தெற்கே, சென்னைத் துறைமுக அலுவலகத்தில், 1912-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் ஒருவர் அமர்ந்தார். அவர்தாம் சீனிவாச இராமானுசன். கூச்சம் மிக்கவர், தாம் கண்ட கணித உண்மைகளையெல்லாம் குறிப்பேடுகளில் எழுதிவைத்திருந்தவர். பேச்சுத்திறம் ஒன்றே தகுதியாயிருப்பின் அவர் எத்தேர்விலும் வென்றிருத்தல் அரிது. அவருக்கு மேலிருந்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். இராமானுசனின் பெருமையைத் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிசு ஸ்பிரிங் உணருமாறு செய்தார். பேசவல்லார் இருவர், பேசாத ஒருவருக்காகப் பேசினர். 1913 சனவரியில் கேம்பிரிட்ஜுக் கணித அறிஞர் ஹார்டியிடம் இராமானுசனைக் கொண்டு சேர்த்ததும் சொற்பொழிவன்று, கடிதமே. ஐந்தாண்டுகளில், 1918-இல், அவர் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

இற்றை எண்ணூருக்கு இது பழங்கதையன்று. அனல்மின் நிலையங்களும் ஆலைகளும் சூழ்ந்த அப்பகுதியில், 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகத்தில் படர்ந்தது. ஆற்றின் போக்கு எங்கே மாறியது, மீன்வளம் எப்போது குன்றியது என்பவற்றை நாள்தோறும் அச்சேற்றில் நிற்பவரே நன்கறிவர். ஆயினும் புதிய ஆலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டங்களில் ஒலிபெருக்கியைப் பற்றுவோர் குரலே பந்தலை நிறைக்கிறது. நீரை அறிந்தவர் கடைசி வரிசையில் கைகட்டி நின்று வீடு திரும்பின், அவர் மௌனம் உடன்பாடாகவே எண்ணப்படும்.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கை, கருத்தை வாய்மொழியாகவே அன்றி எழுத்தாலும் அளிக்க இடந்தருகிறது. வகுப்பில் வாய் திறவாத மாணவன் ஒருவன், தன் தாய் கழியில் கண்டவற்றை அவள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுப்பானாயின், அந்தத் தாளும் ஆலோசனைக்குரிய ஆவணமாகும்.