தொட்டி பழகட்டும், பிறகு மீன்

திருவள்ளூர் மாவட்டத்தில் வேப்பம்பட்டு, திருநின்றவூர் சுற்றுவட்டாரத்தில் விளைநிலங்கள் வீட்டுமனைகளாகி வருகின்றன. கால் ஏக்கர், அரை ஏக்கர் மட்டுமே மிஞ்சியுள்ள சிறு விவசாயிகள் துணைத் தொழில் தேடுவது இயற்கையே. ரயிலில் வில்லிவாக்கம் சென்றால் பக்கத்திலேயே கொளத்தூர் வண்ண மீன் சந்தை உள்ளது. கப்பி, மோலி போன்ற மீன்களைவிடக் கடல் மீனான கோமாளி மீனுக்கு விலை அதிகம். எனவே அதை வளர்க்கும் ஆசை எழுவதில் தவறில்லை. ஆனால் தொட்டி, உப்பு, மீன் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் வாங்கி வருவது தவறு. அப்படிச் செய்தால் மீனோடு கடன் பணமும் சேர்ந்து போய்விடும்.

மீன் வெளியேற்றும் கழிவிலும், தின்னாமல் விட்ட தீவனத்திலும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. புன்செய் நிலத்தில் யூரியா இட்டால் என்ன நடக்கிறது? மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாகவும், பிறகு நைட்ரைட்டாகவும், முடிவில் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டு பிரித்தெடுத்துக் காட்டிய நுண்ணுயிர்கள் இந்த வகையைச் சேர்ந்தவையே. தொட்டியிலும் இதே வேலை நடக்க வேண்டும். புதுத் தொட்டியில் அந்த நுண்ணுயிர்கள் போதுமான அளவு இருப்பதில்லை. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும். சில வேளை அதற்கு மேலும் ஆகலாம். புது மண்சட்டியைப் பழக்கிய பிறகே குழம்பு வைக்கிறோம் அல்லவா? தொட்டியும் அப்படித்தான்.

நன்னீர் மீன் வளர்த்த அனுபவம் இங்கே ஏமாற்றிவிடக் கூடும். கடல்நீரின் கார அமில நிலை 8.1 முதல் 8.3 வரை இருக்கும். இந்த நிலையில் அதே அளவு அம்மோனியாவும் நன்னீரைவிடப் பல மடங்கு கடுமையாகத் தாக்கும்.

செய்முறை கடினமல்ல. 200 லிட்டர் தொட்டிக்கு, லிட்டருக்கு 35 கிராம் வீதம் 7 கிலோ கடலுப்புக் கலவை தேவை. சமையல் உப்பு இதற்கு உதவாது. கடல்நீரில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவையும் உள்ளன. குழாய்நீரில் குளோரின் இருந்தால் நுண்ணுயிர்கள் மடியும். எனவே அதைப் போக்கிய பிறகே உப்பைக் கலக்க வேண்டும். வடிகட்டியும் காற்றுக் குழாயும் இரவு பகலாக ஓட வேண்டும். பிறகு நவச்சாரம் எனப்படும் அமோனியம் குளோரைடில் கலப்பில்லாத ரகமாகப் பார்த்து 1.25 கிராம் கரைத்து விடலாம். லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். இது நுண்ணுயிர்களுக்கு உணவு.

சோதனைப் பெட்டியைக் கொண்டு இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரைப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். முதலில் அம்மோனியா குறையும், நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட் குறைந்து நைட்ரேட் ஏறும். மீண்டும் அதே அளவு நவச்சாரம் இட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லாமற் போனால் தொட்டி பழகிவிட்டது என்று பொருள். பாதி நீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்த பின், முதலில் இரண்டு மீன்கள் மட்டும் விடலாம். நீர் ஆவியாகிக் குறைந்தால் நன்னீரையே ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை.

வெளிநாட்டுப் புத்தகங்கள் கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையைத் தொட்டியில் வைக்கச் சொல்கின்றன. அதைப் பார்த்து இங்கே பவளப்பாறையைத் தேடக் கூடாது. பாறை அமைக்கும் பவளங்கள் 2001-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நுண்ணுயிர்கள் ஒட்டி வளரப் பீங்கான் வளையங்களே போதும். மீனையும் கடலில் பிடித்ததாக இல்லாமல் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்ததாகக் கேட்டு வாங்குவது நல்லது. கோமாளி மீன் குஞ்சு உற்பத்தி முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியுள்ளது.

ஆறு வாரம் காலித் தொட்டிக்கு மின்சாரம் செலவழிப்பதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் செலவைக் காட்டிலும் செத்த மீனின் விலை அதிகம். அது மட்டுமல்ல, முதல் முறை நட்டப்பட்டவர் தொழிலையே விட்டுவிடுகிறார். 2020-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் அலங்கார மீன் வளர்ப்புக்கும் மானியம் சேர்க்கப்பட்டது. இத்தகைய திட்டங்களுக்கு அறிக்கை தயாரிப்போர் தொட்டி பழகும் காலத்தையும், சோதனைப் பெட்டியின் விலையையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். முதல் தவணையை வங்கிகள் அதற்குப் பிறகே கேட்க வேண்டும். வியாபாரிகளும் தொட்டி விற்ற அன்றே மீனையும் விற்காமல், ஆறு வாரம் கழித்து வரச் சொல்வது அவர்களுக்கே நல்ல பெயர் தரும்.

ஐயம் இருந்தால் இம்மாவட்டத்திலேயே பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி உள்ளது. மீன் வாங்கப் போகும் முன் அங்கே ஒருமுறை கேட்டு வருவது இலாபம். நாற்று தயாராகுமுன் நடவுக்கு ஆள் அழைக்காத விவசாயி, தொட்டி தயாராகுமுன் மீனுக்கும் அவசரப்பட வேண்டாம்.