பரம்பரை நோய் எண்டால் தலைவிதி எண்டு அர்த்தமில்லை

2014இல் பேஸ்புக்கைத் திறந்தால் யாராவது ஒராள் தலையில ஐஸ் தண்ணி ஊத்திக்கொண்டு நிப்பார். "உதால யாருக்கு என்ன பிரயோசனம்?" எண்டு கேட்டுச் சிரிச்சவையும் கனபேர். பிரயோசனம் இருந்தது. அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் அந்தக் கோடையில் 115 மில்லியன் டொலர் சேர்ந்தது. அதில ஒரு பங்கு ஆராய்ச்சிக்குப் போய், 2016இல் நெக்1 என்ற பரம்பரையலகுக்கும் இயக்க நரம்புக்கல நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்க உதவியது.

மூளையும் முள்ளந்தண்டும் தசைகளுக்குக் கட்டளை அனுப்புகிற நரம்புக்கலங்கள் ஒவ்வொன்றாக இறந்துபோவதுதான் இந்த நோய். கை, கால், பேச்சு, விழுங்குதல், கடைசியில் மூச்சு. ஸ்டீபன் ஹோக்கிங் 21 வயதில் இந்த நோயோடு அடையாளம் காணப்பட்டு 76 வயதுவரை வாழ்ந்தார். ஆனால் அவர் விதிவிலக்கு. பெரும்பாலானவர்களுக்கு அறிகுறி தொடங்கிய பிறகு இரண்டிலிருந்து ஐந்து வருடங்கள்தான்.

நோயாளிகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது இது வந்திருக்கும். மற்ற ஒன்பது பேருக்கும் அப்படியொரு வரலாறே இல்லை. அப்ப அவர்களுக்கு ஏன் வந்தது?

இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் நரம்பியல் பேராசிரியர் அம்மார் அல்-சலபி நீண்டகாலமாகத் துரத்துகிற கேள்வி இது. 2014இல் அவரும் சக ஆய்வாளர்களும் ஐரோப்பிய நாடுகளின் நோயாளர் பதிவேடுகளை எடுத்து, எந்த வயதில் எத்தனை பேருக்கு நோய் வருகிறது எண்டு கணக்குப் பார்த்தார்கள். புற்றுநோயை விளங்கிக்கொள்ளப் பயன்பட்ட அதே கணக்குமுறை. நோய் வெளிப்படுவதற்கு முன் ஏறக்குறைய ஆறு படிகள் கடக்கப்பட வேண்டும் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த விடை. பிறப்போடு வருகிற பரம்பரையலகு மாற்றம் அதில் ஒரு பகுதி. மிச்சம் வயது, சூழல், வாழ்க்கையில் நடக்கிறவை. பிறகு வந்த ஆய்வில், சொட்1 என்ற பரம்பரையலகில் மாற்றம் உள்ளவர்களுக்கு இரண்டு படிகள்தான் மிச்சம் எண்டு தெரிந்தது.

எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது அந்த மிச்சப் படிகள்தான். பலமான மாற்றத்தோடு பிறந்தவருக்கும் படிகள் மிச்சம் இருக்கு. மாற்றத்தோடு பிறந்தும் நோயே வராமல் வயதுபோய் இறந்தவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் "பரம்பரை வியாதி" எண்டு சொல்லுற தொனிக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம்! எங்கட ஊர்களில் அந்தச் சொல் வெளியில போனால் கலியாணப் பேச்சு நிண்டுபோகும். அதனால வீடுகள் நோயையே மறைக்கின்றன. மறைத்தால் வைத்தியரிடம் போவது பிந்தும். பிள்ளைகள் உண்மை தெரியாமலே பயப்படுவார்கள்.

"கண்டுபிடிச்சு என்ன, மருந்து இல்லையே" எண்டு கேட்கலாம். நியாயமான கேள்விதான். சொட்1 கண்டறியப்பட்டது 1993இல். அதை இலக்கு வைத்த டொஃபெர்சென் என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது 2023 ஏப்ரலில். முப்பது வருடம்! அதுவும் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு பேரளவுக்குத்தான் பொருந்தும். முள்ளந்தண்டு நீரில் ஊசியாக ஏற்றவேண்டும். முதல் ஆறு மாதப் பரிசோதனையில் எதிர்பார்த்த அளவு தெளிவான முன்னேற்றமும் வரவில்லை. எண்டாலும் நரம்புச் சிதைவைக் காட்டுகிற புரதம் இரத்தத்தில் குறைந்தது. காரணம் தெரியாமல் மருந்து செய்யேலாது என்பதுக்கு இதைவிட வேற சாட்சி தேவையில்லை.

ஆனால் ஒரு குறை பெரிசாக உறுத்துது. இந்த ஆராய்ச்சியில் சேர்க்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஐரோப்பிய வம்சாவளியினர். 2011இல் கண்டறியப்பட்ட சி9ஓஆர்எஃப்72 மாற்றம் ஐரோப்பியக் குடும்பங்களில் இந்த நோய்க்கு முதன்மையான பரம்பரைக் காரணம். ஜப்பானிலும் சீனாவிலும் அது மிக அரிது. அப்ப தெற்காசியர்களான எங்களுக்கு எது முக்கியம்? எங்கட சனத்தின் தரவு சேராமல் அதற்குச் சரியான பதில் வராது. பதில் இல்லாத இடத்துக்கு மருந்தும் கடைசியாகத்தான் வரும்.

அதுக்காக எல்லாரும் நாளைக்கே ஓடிப்போய்ப் பரிசோதனை செய்யுங்கோ எண்டு நான் சொல்ல வரேல்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் ஒருவரின் உரிமை. செய்கிறதெண்டால் விளங்கப்படுத்தக்கூடிய வைத்தியரோடு ஆறுதலாகக் கதைத்துவிட்டுத்தான் செய்யவேண்டும். நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். ஏ/எல் உயிரியலில் மெண்டலின்ர பட்டாணிக் கணக்கைச் சரியாகச் செய்கிற நாங்கள், வீட்டில் "அது அவையின்ர பரம்பரையிலயே இருக்கு" எண்டு யாரும் குசுகுசுக்கும்போது பேசாமல் இருக்கிறோம். அந்த இடத்தில், "இருந்தாலும் அது ஒரு பகுதி மட்டும்தான், மிச்சம் இருக்கு" எண்டு சொல்லத் தொடங்குவோம்.