நெமோவின் கப்பலும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

இந்த ஆண்டு நம் சங்கப் பொங்கல் விழாவில், கோலப் போட்டிப் பரிசுகளுக்குப் பக்கத்து மேசையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி இருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம், துருவேறிய இரும்பின் நிறம், வட்டச் சன்னல்களில் மஞ்சள் வெளிச்சம். நானும் பத்தாம் வகுப்பு படிக்கும் என் பேரனும் சேர்ந்து செய்தது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். பாராட்டிய கையோடு, "பத்தாம் வகுப்புப் பையனுக்கு இதெல்லாம் எதற்கு சார்?" என்றும் கேட்டார்கள். நின்றபடி பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி அல்ல அது. ஆகவே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பத்தாம் வகுப்புப் பையனுக்குத்தான் இது வேண்டும், பெண்ணுக்கும் வேண்டும். வீட்டில் இடமில்லை என்றால் நம் சங்கத்தில் இடம் வேண்டும்.

முதலில் கப்பலைப் பற்றிச் சில வார்த்தைகள். இது எந்த நாட்டுக் கடற்படையிலும் இருந்ததல்ல. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1869-70-இல் ஒரு பத்திரிகையில் தொடராக எழுதிய 'கடலடியில் இருபதாயிரம் லீக்' என்னும் கதையில் வரும் 'நாட்டிலஸ்'. இருபதாயிரம் லீக் என்பது ஆழம் அல்ல, கடலடியில் பயணம் செய்த தூரம். லீக்குக்கு 4 கிலோமீட்டர் வீதம் 80,000 கிலோமீட்டர். கப்பலின் நீளம் 70 மீட்டர், அகலம் 8 மீட்டர், முழுதும் மூழ்கும்போது எடை சுமார் 1500 டன் என்று கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார் மனிதர். கப்பல் ஓடுவதும், உள்ளே விளக்கு எரிவதும் மின்சாரத்தால். எடிசன் தம் இழை விளக்கை எரித்துக் காட்டியது 1879-இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். 1954-இல் டிஸ்னி நிறுவனம் இக்கதையைப் படமாக எடுத்தபோது, ஹார்ப்பர் காஃப் என்ற கலைஞர் சுறாவையும் முதலையையும் கலந்தாற்போல் கப்பலுக்கு ஓர் உருவம் கொடுத்தார். வெர்ன் எழுதியதோ நீண்ட சுருட்டு வடிவம். அதன்பின் ஆளுக்கொரு நாட்டிலஸ் வரைந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு கற்பனை உருவத்தைத்தான் 144-இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள்.

இந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு. கப்பலின் தலைவன் நெமோ யார் என்பதை வெர்ன் முதல் நாவலில் சொல்லவில்லை. 1874-75-இல் வெளிவந்த 'மர்மத் தீவு' நாவலில்தான் சொல்கிறார். அவன் டக்கார் என்ற இந்திய இளவரசன், பந்தேல்கண்ட் ராஜாவின் மகன், 1857 போரில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்றவன். நம்மில் சிலர் ரயில்வே குடியிருப்பில் காலம் கழித்த ஜான்சி அந்தப் பந்தேல்கண்டில் உள்ளதுதான். முதல் நாவலிலேயே ஓர் அத்தியாயம் மன்னார் வளைகுடாவில் நடக்கிறது. முத்துக் குளிக்கும் ஏழை ஒருவனைச் சுறா தாக்க வருகையில் நெமோ கத்தியோடு பாய்கிறான். பிழைத்த அந்த ஏழையின் கையில் ஒரு பை நிறைய முத்துகளைக் கொடுத்துவிட்டுப் போகிறான். நம் கடல், நம் முத்துக்குளிப்பு. இருந்தும் இந்தக் கதை நம் பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரன் கதையாகவே தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறொன்று. இவ்வளவு பெரிய கப்பலை யாருக்கும் தெரியாமல் எப்படிக் கட்டினீர்கள் என்று கேட்கிறார், கப்பலில் சிறைப்பட்ட பேராசிரியர். அடிக்கட்டை பிரான்சிலிருந்து, சுழலி அச்சு லண்டனிலிருந்து, உடற்தகடுகள் லிவர்பூலிலிருந்து, சுழலி கிளாஸ்கோவிலிருந்து, எந்திரம் ஜெர்மனியிலிருந்து, முன்முனை சுவீடனிலிருந்து என்று, வெவ்வேறு பெயர்களில் துண்டு துண்டாகத் தருவித்து, ஆளில்லாத் தீவொன்றில் தானே பயிற்றுவித்த ஆட்களை வைத்துப் பூட்டியதாகச் சொல்கிறான் நெமோ. ஆக, நாட்டிலஸே ஒரு பெட்டித் துண்டுக் கப்பல்தான்! "யாரோ வார்த்துக் கொடுத்ததை ஒட்டுவதில் என்ன திறமை?" என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில். ரயில் எஞ்சினும் பாலமும் அப்படித்தான். எங்கிருந்தோ வரும் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்துமாறு செய்வதே பாதிப் பொறியியல்.

செய்யும்போது பையன் என்ன கற்றான் என்று சொல்கிறேன். முதலில் அளவு. ஐந்தரை அடிக்குச் சற்று உயர்ந்த ஆள், அதாவது 1.7 மீட்டர், இந்த அளவில் 12 மில்லிமீட்டர்கூட வரமாட்டான். உடற்தகட்டில் ரிவெட் ஆணித் தலைகள் அரை மில்லிமீட்டர் அகலத்தில் புடைத்திருந்தன. "தாத்தா, நிஜத்தில் ஆணி இவ்வளவு பெரிசா இருக்குமா?" என்றான். நீயே பெருக்கிப் பார் என்றேன். 72 மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய ஆணியை எந்தப் பாலத்திலும் நான் பார்த்ததில்லை. உப்புத்தாளால் தேய்த்துத் தணித்தோம். பிறகு எடை. 1500 டன் கப்பலின் மாதிரி நீரில் மூழ்க எவ்வளவு எடை இருக்க வேண்டும்? 144-ஆல் வகுத்து 10 டன் என்றான். அகலமும் உயரமும்கூட அதே விகிதத்தில் குறையுமே என்றதும், மூன்று முறை வகுத்தான். வந்தது சுமார் அரைக் கிலோ. கன அளவு விகிதம் என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் இருப்பது, அன்று தராசுத் தட்டில் வந்து உட்கார்ந்தது.

அடுத்தது விளக்கு. இங்கேதான் விஷயம் நிறைய இருக்கிறது. முன்பெல்லாம் மாதிரிகளுக்குள் சின்ன இழை பல்புகளை வைப்பார்கள். அவை சுடும். பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கோ 100 டிகிரி அளவிலேயே இளகிவிடும். இன்று எல்.இ.டி. இருப்பதால் அந்தக் கவலை இல்லை. வெள்ளை எல்.இ.டி.க்கு அடிப்படையான நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கியதற்காக ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பரிசின் பலன் இன்று எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.

ஆனால் அதை நேரே பேட்டரியில் மாட்டக்கூடாது. 9 வோல்ட் பேட்டரி, விளக்குக்கு வேண்டியது 3 வோல்ட், மீதி 6 வோல்ட்டை ஒரு மின்தடை ஏற்க வேண்டும். 15 மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமானால் 400 ஓம். கடையில் கிடைப்பது 390 அல்லது 470. எதை எடுப்பது? 470 எடுத்தால் 13 மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக ஓடும். வெளிச்சம் கொஞ்சம் தணியும், விளக்கு நீடிக்கும். அறைக்குள் கண் கூசாத மஞ்சள் வெளிச்சம்தானே வேண்டும், 470 போதும் என்று அவனே முடிவு செய்தான். ஓம் விதியை அவன் முன்பே மனப்பாடம் செய்திருந்தான். அதை வைத்து ஒரு முடிவு எடுத்தது அதுவே முதல் தடவை.

அதைவிடப் பெரிய பாடம் ஒளிக்கசிவு. மெல்லிய பிளாஸ்டிக் வழியாக வெளிச்சம் ஊடுருவும். சன்னல் மட்டும் ஒளிர்வதற்குப் பதில் கப்பல் முழுதும் காகித விளக்குக் கூண்டுபோல மின்னும். இரும்புக் கப்பல் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே உட்புறம் முழுதும் முதலில் கருப்பு வண்ணம், அதன்மேல் ஒளி சிதறுவதற்காக வெள்ளை. பிறகு இரண்டு பாதிகளையும் ஒட்டாமல் ரப்பர் வளையம் போட்டுச் சேர்த்து, அறையை இருட்டாக்கி, இணைப்பில் கீற்று தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சன்னல் கண்ணாடிக்கு விரைவில் ஒட்டும் பசையைத் தொடக்கூடாது. அதன் ஆவி படிந்து கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும். உடற்தகடுகளுக்கான பிளாஸ்டிக் பசையின் குணம் வேறு. அது இரண்டு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். உலர்ந்தபின் பிரித்தால் உடையுமே தவிரப் பிரியாது. எனவே பேட்டரியை உள்ளே வைத்து மூடிவிட்டால், அது தீர்ந்த அன்றே கப்பலும் இருண்டுவிடும். கம்பிகளைத் தாங்குகால் வழியாகக் கீழே இறக்கி, பேட்டரியையும் சுவிட்சையும் பீடத்தில் வைத்தோம்.

ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், வேலை தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் உள்ள வித்தியாசம் இந்த வரிசையில்தான் இருக்கிறது. எதை முதலில் செய்வது, எதை மூடுமுன் சோதிப்பது, நாளை பழுது பார்க்க வருபவனின் கை நுழைய எங்கே வழி விடுவது. இதை எந்தத் தேர்விலும் கேட்பதில்லை. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சி வகுப்பில் இதற்கு இடமும் இல்லை. ஆனால் பாலம் நிற்பதும் வண்டி ஓடுவதும் இதனால்தான்.

இனி, சிலருக்குக் கசக்கக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் கைவேலை என்றால் ஓர் இளக்காரம் வளர்ந்துவிட்டது. நான் டிப்ளமோ படித்தவன். "டிப்ளமோதானா?" என்ற கேள்வியைக் கல்யாண வீடுகளில் கேட்டுப் பழகியவன். ஆனால் நம்மவர்கள் இந்த வடக்கே வந்து வேரூன்றியது எதனால்? முந்தைய தலைமுறையில் பலர் கையில் கொண்டுவந்தது தட்டச்சு, சுருக்கெழுத்துச் சான்றிதழ். அதுவும் விரல் வேலைதான். மற்றவர்கள் ஃபிட்டர்களாக, டர்னர்களாக, வரைவாளர்களாக வந்தார்கள். அந்தக் கைகள் சம்பாதித்த காசில் படித்த பிள்ளைகள், இன்று மின்விசிறியின் ரெகுலேட்டரை மாற்ற ஆளுக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பழமொழி சொல்லும் நாமே, வீட்டில் ஏட்டுச் சுரைக்காயை மட்டும்தான் பயிரிடுகிறோம்.

நம் சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். தமிழ்தான் காரணம். ஞாயிறு வகுப்பில் பிள்ளைகள் எழுத்தும் செய்யுளும் கற்கிறார்கள். நல்லது, அது தொடரட்டும். ஆனால் மொழி புழங்க வேண்டிய இடம் வேலை. அரத்தால் அராவுகிறோம், உளியால் செதுக்குகிறோம், இழைப்புளியால் இழைக்கிறோம், கத்தியால் சீவுகிறோம், கடைசலில் கடைகிறோம். ஒவ்வொன்றும் வேறு வேலை, வேறு சொல். நம் பிள்ளைகளுக்கு எல்லாமே 'கட் பண்றது'தான். குறடு, இடுக்கி, திருப்புளி, மூலைமட்டம், ரசமட்டம், பற்றாசு என்ற சொற்களைப் புத்தகத்தில் எழுதிப் போட்டால் மறுநாள் மறந்துவிடும். "அந்த இடுக்கியை எடுடா" என்று பத்து தடவை கேட்டால் மறக்காது. என் பேரன் இப்போது 'அராவு' என்கிறான். அவன் அப்பாவுக்கு அந்தச் சொல் தெரியாது.

செலவாகும் என்பது நியாயமான ஆட்சேபம். வெளிநாட்டுப் பெட்டிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. எல்லோருக்கும் அது சரிப்படாது, தேவையும் இல்லை. வெர்ன் சொன்ன சுருட்டு வடிவத்துக்கு ஒரு துண்டு பி.வி.சி. குழாயும் இருமுனைக்கும் அட்டைக் கூம்பும் போதும். விளக்குக்குப் பழைய தீபாவளிச் சரவிளக்கு. கற்பனைக் கப்பல் வேண்டாம் என்றால் நிஜக் கப்பல் இருக்கிறது. 1969 முதல் 2001 வரை நம் கடற்படையில் இருந்த குர்சுரா, 2002 முதல் விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. 91 மீட்டர் நீளம். இதே அளவில் செய்தால் 63 சென்டிமீட்டர்.

கத்தியும் பசையும் ஆபத்து என்பதும் சரிதான். அதனால்தான் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்கிறேன். சன்னலைத் திறந்து வைக்கவும், பற்றவைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும், கத்தியை உடம்பை விட்டு வெளிப்புறமாக நகர்த்தவும் கற்பதும் கல்விதான். படிப்புக் கெடும் என்பார்கள். நாங்கள் செலவிட்டது ஞாயிறுக்கு மூன்று மணி நேரம், நான்கு மாதம். அந்த நேரத்தில் அவன் பாடப் புத்தகத்தைத் திறந்திருப்பான் என்று நினைப்பவர்கள், தங்கள் வீட்டில் ஞாயிறு மாலை கைப்பேசி யார் கையில் இருக்கிறது என்று ஒருமுறை பார்க்கட்டும்.

ஆகவே செயற்குழுவுக்கு என் கோரிக்கை இது. மாதத்தில் ஒரு ஞாயிறு, தமிழ் வகுப்பு முடிந்தபின், கூடத்தின் ஓரத்தில் ஒரு நீண்ட மேசையும் இரண்டு விளக்கும் கொடுங்கள். நம் உறுப்பினர்களில் ஓய்வுபெற்ற ஃபிட்டர்களும் எலெக்ட்ரீஷியன்களும் இருக்கிறார்கள். தையல் தெரிந்த அம்மாக்கள் இருக்கிறார்கள். யாரும் அவர்களை இதுவரை மேடைக்கு அழைத்ததில்லை. மேடை வேண்டாம், மேசைக்கு அழையுங்கள். பிள்ளைகள் பத்துப் பேர் வந்தால் போதும், ஐந்து பேர் வந்தாலும் தொடங்கலாம். குறடு, அரம், பற்றவைக்கும் கருவி மூன்றும் என்னிடம் இரண்டு செட் இருக்கின்றன. அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவற்றை எடுத்துக்கொண்டே வருகிறேன்.